வானம் தெரியும் பந்தல்

நிறைந்த இந்த அவையை நெறிப்படுத்தும் தலைவர் யோகராஜா அவர்களே! தம் ஆலய மண்டபத்தை எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு ஞாயிறுதோறும் திறந்துவிடும் யூத குருவே! ஆன்றோரே! அடுப்படியை விட்டு ஆவலோடு வந்திருக்கும் அன்னையரே! அனைவரையும் நெஞ்சாரக் கைகூப்புகின்றேன்.

ஆனந்தத் திருநாளில் அழுகையோடு நிற்கின்றேன். பொறுத்தருளுங்கள்.

நாம் அடைக்கலம் புகுந்த இந்த ஸ்ட்ரெதம் பகுதியின் ஆலய முற்றத்தில் யூதப் பெருமக்கள் எழுப்பிய பந்தலைப் பார்த்தீர்களா? நாடின்றி அலைந்த முன்னோர் குடிசைகளில் வாழ்ந்ததை நினைந்து, ஒரு வாரம் தழைக்கூரையின் கீழ்க் கூடியுண்டு களிக்கும் கூடாரத் திருநாள் இன்று மாலை தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை கூரை வேய நம்மவரையும் அழைத்தார்கள். தவநாயகி அக்காவும் வந்தார். யாழ்ப்பாணத்தில் கூரைக்குத் தென்னோலைக் கிடுகு பின்னிய கை அல்லவா? தழைமேல் தழை அடுக்கி, ஒரு பொட்டு வெளிச்சமும் நுழையாமல் அடைத்துவிட்டார்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன்.

"கூரை வழியே வானம் தெரியவேண்டும், அதுவே எங்கள் வழக்கம்" என்றார் இந்த ஆலயத்து மூதாட்டி மிரியம் அம்மையார். தழையை விலக்கினார்கள். வானம் தெரிந்தது. அக்கா வெளியே ஓடினார்.

"ஐயோ, வானம் தெரிஞ்சால் பொம்பருக்கு எங்களைத் தெரியுமெல்லோ!"

இப்போது சிரிப்பு வருகிறதா, அவையோரே? போன ஆண்டு ஊரில் பொம்பர் விமானம் குண்டுபோட்டுப் பிளந்த கூரையின் கீழே ஒரே மகள் சுலோச்சனாவைப் பறிகொடுத்த தாய் அவர். எந்த வானத்தை நம்புவார்? எந்தக் கூரையை நம்புவார்? எந்தத் திருநாளில் சிரிப்பார்?

மணியடிக்காதீர்கள் தலைவரே, இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

மிரியம் அம்மையார் அக்காவின் பின்னால் போனார். உலகப்போர் மூளுமுன் வியன்னாவிலிருந்து தனியே ரயிலேறி இந்த நாட்டுக்குத் தப்பி வந்த சிறுமி அவர். போருக்குப் பின் தேடிப்போக அங்கே குடும்பத்தில் எவரும் மிஞ்சவில்லை. பந்தலில் இருந்த வெறும் நாற்காலியைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத விருந்தினராக வரும் முன்னோருக்கு இடம் வைப்பது அவர்கள் மரபாம். "நான் என் அம்மாவையும் அழைப்பேன்" என்றார். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா வெளியே நின்றபடியே அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப என்ரை பிள்ளைக்கும் ஒரு கதிரை போடுவினமோ?"

போட்டிருக்கிறார்கள், அக்கா! மிரியம் அம்மையாரின் அம்மாவுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஆனால் முன்வரிசையில் இருக்கும் நீங்கள் அன்று வெளியே ஓடிய பிறகு பந்தலுக்குள் கால் வைக்கவில்லை. வாருங்கள் என்று வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

என்ன அக்கா? கொஞ்சம் உரத்து...

கேட்டீர்களா, அவையோரே? "பிள்ளை தனிய இருக்கிறாள். நான் வாறன்" என்கிறார்!

எழுந்து வழிவிடுங்கள். மிரியம் அம்மையாரே, கைகொடுங்கள். இடம் தந்தோருக்கும் செவி தந்தோருக்கும் நன்றி. வந்தவர்க்கும் வரமுடியாதவர்க்கும் என் வணக்கம்.