ஒரு குழிக்கரண்டி எண்ணெய்

இட்லி மாவில் ஒரு குழிக்கரண்டி ரீஃபைண்டு எண்ணெய் கலந்து ஊற்றினால் இட்லி பஞ்சு மாதிரி வரும் மேடம். வாடை தெரியாது, கையிலும் ஒட்டாது. கடலை எண்ணெய் என்றால் முதல் வாயிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

செந்தாமரையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பேராவூரணியில் லேடீஸ் ஜிம் நடத்துகிற அந்தப் பிள்ளைதான் என் மருமகள் ஃபஹ்மிதாவைப் பட்டினி போட்டு இந்தக் கதிக்கு ஆக்கினாள் என்று சம்பந்தி வீட்டார் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் வீட்டுக்காரர் மௌத்தாகி ஒன்பது வருஷம். மகன் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில். ஃபஹ்மிதா வருவதற்கு முன்னால் என்னோடு பேசுகிற ஒரே ஆள் தண்ணீர் கேன் போடுகிறவர்தான். "ஒண்ணா ரெண்டா?" என்பார். "ஒண்ணு" என்பேன். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

அவள் வந்தபின் வீட்டில் சத்தம் வந்தது. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து எழும்புவாள், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. அடுப்படியிலிருந்து நானும் கூட எண்ணுவேன்.

"மாமி, நீங்களும் வந்து ரெண்டு உட்காருங்க."

"உட்கார்ந்தா நீதான் தூக்கி விடணும்."

"பின்ன எதுக்கு எடை தூக்கப் பழகுறேன்?"

அப்படி ஒரு பிள்ளை.

ஷார்ஜாவில் பெண்கள் ஜிம் ஒன்றில் அவளுக்கு வேலை பேசியிருந்தான் ஜாஃபர். உடம்பு அறுபது கிலோவுக்குக் கீழே வந்தால் சேர்த்துக்கொள்வார்கள், விசாவும் அவர்களே எடுப்பார்கள். எழுபத்தொன்றில் தொடங்கினாள். அரிசியைக்கூடச் சின்னத் தராசில் நிறுத்துத்தான் என்னிடம் கொடுப்பாள். நாலு மாசத்தில் அறுபத்து நாலு. அன்று பரண் மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள்.

மறுநாள் காலை மாவில் எண்ணெய் கலந்தேன்.

பிறகு கோழிக்குழம்பில். பிறகு அவளுடைய கஞ்சி மாவில், முந்திரியை நைசாக அரைத்து. அவள் நிறுத்துக் கொடுத்ததில் ஒரு மணி அரிசி கூட்டவில்லை. அவள் சொல்லை நான் மீறியதே இல்லை, பாருங்கள்.

முள் அறுபத்து நாலில் நின்றது. அப்புறம் அறுபத்தைந்து. செந்தாமரை வீட்டுக்கே வந்து, ஃபஹ்மிதா தான் சாப்பிட்டதை எழுதி வைக்கிற நோட்டைப் புரட்டினாள்.

"எழுதுறதும் ஏறுறதும் ஒத்து வரலையே ஃபஹ்மி. இடையில ஏதாவது வாய்ல போடுறியா?"

"அல்லா மேல சத்தியமா இல்லக்கா."

"அப்ப உடம்பு சலிச்சிருக்கும். ஒரு வாரம் எடை தூக்காத. நல்லாச் சாப்பிட்டு, தூங்கு. இதுக்கு மேல குறைக்கவே கூடாது, சொல்லிட்டேன். அம்மா, நீங்களும் பார்த்துக்குங்க."

"பார்த்துக்கிறேன்மா" என்றேன்.

ஃபஹ்மிதா என் முகத்தைப் பார்த்தாள். "நான் திருடித் தின்னேனா மாமி? நீங்க சொல்லுங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். "உன் உடம்புவாகு அப்படிம்மா" என்றேன்.

அதன்பின் அவள் செந்தாமரைக்குத் தெரியாமல் குறைத்தாள். இட்லி நாலு, இரண்டானது. சோறு நின்றது. ஜிம் முடிந்து வந்து மொட்டைமாடியில் தனியாகக் கயிறு தாண்டுவாள். மாசக்குளியல் நின்றதைச் சொன்னபோது எனக்கு முதலில் சந்தோஷம்தான். மூணு மாசமாக ஜாஃபர் ஊருக்கு வரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. தலைமுடி சீப்போடு வந்தது. நான் கலப்பதைக் கொஞ்சம் கூட்டினேன். பிள்ளை வாடக்கூடாது அல்லவா.

எடை பார்த்து ஷார்ஜா ஜிம்முக்குப் படம் அனுப்ப வேண்டிய நாளுக்கு முன் நாலு நாள் அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை. உப்பில்லை, கடைசியில் தண்ணீரும் இல்லை. தட்டே வைக்காதவளுக்கு நான் எதில் கலப்பது? அந்த நாலு நாளும் என்னை ரொம்பக் கஷ்டப்படுத்திவிட்டாள்.

கயிறு தாண்டுகிற சத்தம் நின்றது. மேலே போனேன். மூச்சில்லை. உடம்பில் உப்புச்சத்து இறங்கி நெஞ்சு நின்றுபோனதாம். தஞ்சாவூரில் டாக்டர் மறுபடி துடிக்க வைத்தார். ஆனால் அதற்குள் மூளை கெட்டுவிட்டது. பேச்சில்லை, நடையில்லை. இனி பிரயாணம் ஆகாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். நான்தான் குளிப்பாட்டுகிறேன், தலை வாருகிறேன், நாளெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன். என்ன கலந்தேன் என்பதையும் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று.

பார்த்துக்கொள்ள மர்யம் என்றொரு நர்ஸ் வருகிறாள். அவள் ஊட்டினால் கஞ்சி முழுதும் இறங்குகிறது. நான் கரண்டியைக் கொண்டுபோனால் மட்டும் ஃபஹ்மிதா பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நரம்புக் கோளாறில் அப்படித்தான் இருக்கும், இல்லையா மேடம்.