விபத்து இல்லாத பேக்டரி

கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாரு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும். அக்காள் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“உங்க பேக்டரியில ஒருத்தருக்கும் அடிபடலன்னா நான் எப்படிடா மாஸ்டர்ஸ் முடிக்கிறது?”

“யாருக்காச்சும் அடிபடணும்னு வேண்டிக்கிறியாக்கா?”

“நான் படிக்கிறதே தொழில் பாதுகாப்புடா. ஆய்வுக்காக யாரைக் கேட்டாலும், ‘ஒன்னும் நடக்கல மிஸ்’னு ஒரே பாட்டு.”

“சொன்னா, பேக்டரி கேட்டுல மாட்டியிருக்கிற போர்டுல விபத்தில்லாத நாள் சைபராயிடும் லா. மாசக் கடைசியில கம்பெனி போடுற பிரியாணி விருந்து, அந்த மக்கான் கட். சொன்னவனை எல்லாரும் முறைப்பாங்க.”

“அப்ப மறைக்கிறாங்க.”

“நான் அப்படிச் சொல்லலையே.”

ஜிப் நின்றது.

“ஏறினதுலேருந்து நீ ஏன் பாக்கெட்டுலயே கையை வச்சிருக்கே?”

“ஏர்கான் குளிருது.”

“வெளிய எடுடா.”

எடுத்தான். இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியில் ரத்தம் காய்ந்திருந்தது.

“அலமாக்! மெஷின்லயா?”

அவன் கையை மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டான். அவள் எழுந்து மணியை அழுத்தினாள்.

“இறங்கு. கிளினிக் போலாம்.”

“நாளான்னிக்குப் போலாம்க்கா. நாளைக்குத்தான் மக்கான்.”