ஏணியைப் பிடித்தவர்

பகல் இரண்டே முக்கால் மணி. கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ஒரு தெரு. ஒரு பக்கம் பூட்டிய ஷட்டர்கள், மறுபக்கம் நீளமான வெறும் சுவர். ஈ காக்கை கிடையாது.

பேய்க்குப் பகலில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். விளக்கை ஏற்றவும் வேண்டாம். கிட்ட வந்து உட்காருங்கள், போதும். இது என் சிநேகிதனுடைய மச்சானுக்கு நடந்தது. அக்கா புருஷன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. யார் என்ன கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். வீட்டில் அவருக்குப் பெயரே "ஆகட்டும்" என்றாகிவிட்டது. முன்பின் தெரியாத யாருக்காவது மூட்டையைத் தூக்கிக்கொடுத்துவிட்டு, தன் பஸ்ஸைக் கோட்டைவிடுகிற ஆள்.

அன்று அந்தச் சுவரில் ஒரு மர ஏணி சாய்ந்திருந்தது. பெயிண்ட் வாடை. மேலே பிரஷ் தேய்க்கிற சத்தம்... சரக்... சரக்... வெயில் கண்ணைக் குத்தியதில் ஆள் முகம் தெரியவில்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம் ஏணியப் புடிச்சுக்கிறீங்களா? வழுக்குது."

மச்சான் வேறு என்ன சொல்வார்?

"ஆகட்டும் தம்பி."

பையைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் பிடித்தார். மேலே ஆள் அசைவது மரத்தின் வழியாக உள்ளங்கைக்கு வந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம்.

"முடிஞ்சுதா தம்பி?"

"இதோ ஆச்சுண்ணே."

சரக்... சரக்...

அரைமணி போய்விட்டது. நான்கு மணிக்கு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும். ஏழு வயசு. யாரும் வராவிட்டால் வாசலில் தனியாக நிற்கும்.

"தம்பி, நான் கெளம்பணும். கொஞ்சம் எறங்கிடுங்க."

பிரஷ் சத்தம் நின்றது.

"விட்டுறாதீங்கண்ணே... போன தடவ புடிச்சவரு விட்டுட்டாரு."

அப்போதுதான் மச்சான் தரையைப் பார்த்தார். ஏணியின் நிழல் இருந்தது. அவர் நிழல் இருந்தது. ஏணி மேல் யாருடைய நிழலும் இல்லை.

ஓடிவிடலாம் என்று ஒரு கையை எடுத்தார்... கிரீச்சென்று ஏணி ஒரு சாண் சரிந்தது. மேலேயிருந்து ஒரு அலறல். விழப்போகிற மனுஷனுடைய அலறல். அதைக் கேட்டபின் இன்னொரு கையை எப்படி எடுப்பது? பாய்ந்து பிடித்தார். தோளைக் கொடுத்து முட்டினார். கனமெல்லாம் அவர் மேல் இறங்கியது. நெஞ்சு மரத்தோடு அப்பிக்கொண்டது. நகர வழியில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கக் கை ஏது? அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அதுவும் நின்றது.

மூன்றே முக்கால் இருக்கும். ஒரு சைக்கிள் வந்தது. தைத்த துணிகளை வீடுகளில் கொண்டுபோய்க் கொடுக்கிற தையல்காரம்மா. ஐம்பது வயதிருக்கும். மச்சானைத் தாண்டிப் போனார். நிறுத்தினார். திரும்பி வந்தார்.

"என்ன தம்பி, ஆளே இல்லாத ஏணியப் புடிச்சிட்டு நிக்கிறீங்க?"

"இருக்காருக்கா. கனம் தெரியுது."

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஏணி பாரத்தில் வளைந்து நிற்பதைப் பார்த்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.

"தள்ளுங்க. கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன்."

மச்சானுக்கு அழுகையே வந்துவிட்டதாம். அந்த அம்மா பிடித்துக்கொண்டால் இவர் போய்விடலாம். ஒரு வார்த்தை போதும்... ஆகட்டும்.

"தொடாதீங்கக்கா! நீங்களும் இதுல மாட்டிக்காதீங்க. மாட்டேன், தர மாட்டேன்!"

வாழ்க்கையில் அவர் ஒருவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தையல்காரம்மா போகவில்லை. மச்சானின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஏணியா? இன்னைக்கு ஏணியா?" என்றாள் அவள். "யாரு கேட்டாலும் நின்னுடுவாரே! சரி, பிள்ளைய நானே போயி கூட்டிக்கிறேன்."

அந்த அம்மா ஒரு துணியை எடுத்து மச்சானின் முகத்தைத் துடைத்தார். பாட்டிலைத் திறந்து வாயில் தண்ணீர் ஊற்றினார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"கண்ணு, எறங்கி வாப்பா."

மேலேயிருந்து, மெல்ல...

"எறங்குறப்பதான் விட்டாரு. அவரு மேலயே விழுந்தேன், அவரும் பொழைக்கல."

அந்த அம்மாவுக்கும் அது கேட்டது. கையில் மயிர் சிலிர்த்து நின்றது. ஆனாலும் குரல் பிசகவில்லை.

"இவரு விட மாட்டாரு. நானும் இங்கதான் நிக்கிறேன். அவசரம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு படியா வா."

பிறகு மேல் படி முனகியது. நின்றது. அடுத்த படி... நின்றது. அடுத்தது... கனம் கைக்கு நெருங்க நெருங்க மச்சானுக்கு மூச்சு முட்டியது. பெயிண்ட் தின்னர் நெடி மூக்கைக் காந்தியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முகத்துக்கு நேராக, ஈரத்துணி உரசுகிற மாதிரி, குளிர்ச்சியாக ஏதோ கடந்து இறங்கியது. கடைசிப் படி. மண்ணில் கால் வைக்கிற சத்தம்.

ஏணி சட்டென்று இலேசாகிவிட்டது.

மச்சானின் விரல்கள் திறக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது அந்த அம்மாதான். மச்சானுடைய பையைச் சைக்கிளில் மாட்டி உருட்டிக்கொண்டு அந்த அம்மா நடக்க, கூடவே மச்சான் நடந்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகள் பத்திரம். நாலு நாள் அவர் கை எதையோ பிடித்த மாதிரியே மடங்கிக் கிடந்தது. மனைவிதான் சாப்பாட்டை ஊட்டினாள். இவ்வளவும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் அவர் என் சிநேகிதனிடம் தனியாகச் சொன்னார்.

தெருமுனை வருவதற்கு நாலடி இருக்கும்போது தையல்காரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்.

"தம்பி... எறங்குனது ஒருத்தர்தான?"

"ஆமாக்கா. ஏன்?"

"திரும்பாதீங்க... பின்னால ரெண்டு பேரு நடந்து வர்ற சத்தம் கேக்குது."