நினைவுக் கொடையாளர்

ஒருவருடைய பெயரை மூன்று விதமாக எழுதி வைத்தால் கணினி அவரை மூன்று ஆளாக்கிவிடும், சார். குழந்தைகள் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நிலைமை அப்படித்தான் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரே மனிதரை ஓரிடத்தில் ‘மாதக் கொடையாளர்’ என்றும், இன்னோரிடத்தில் ‘நண்பர்’ என்றும், வேறோரிடத்தில் வெறுமனே ‘நல்லவர்’ என்றும் பதிந்து வைத்திருந்தார். நல்லவர் என்பதெல்லாம் ஒரு வகையா? ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று நன்றிக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன.

எட்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். ஒருவர் ஒரு வகையில்தான் இருக்கலாம். வகையை மாற்றினால் அதற்குக் காரணம் வேண்டும், காரணத்துக்குக் கோப்பில் ஒரு காகிதம் வேண்டும். இயக்குநர் அம்மா ஒருநாள், “உங்க பதிவுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்” என்றார். பாராட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு உண்மையிலேயே அப்படித்தான் போட்டார்.

நீங்கள் கேட்பது கடிகாரக்காரரைப் பற்றி. அவர் ‘பிள்ளைக் கொடையாளர்’. அதாவது, ஒரு குறிப்பிட்ட குழந்தையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. மணிக்கூண்டுக்கு எதிரே, ஓர் ஆள் உள்ளே நுழைந்தால் அடுத்த ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. அவருக்கு நாங்கள் ஒதுக்கியது சிட்டுவை. எட்டு வயது. இருந்த இடத்தில் இருக்க மாட்டாள் என்பதால் இல்லத்தில் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டார்கள்.

நாலாவது மாதமே சிட்டுவின் அம்மாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நல்ல விஷயம். விதிப்படி அன்றைக்கே கடிகாரக்காரரைப் ‘பொது’ வகைக்கு மாற்றி, குழந்தை தாயோடு சேர்ந்துவிட்டது என்று எழுதிப் போட்டிருக்க வேண்டும். கடிதத்தைத் தட்டச்சும் செய்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தபாலில் அவர் சிட்டுவுக்கு எழுதியது வந்தது.

‘குளிர ஆரம்பிச்சிடுச்சு. தலைக்குக் குளிச்சா நல்லாத் துவட்டிக்கோ. இன்னிக்கு என்ன சாப்பிட்டே? சும்மா சாப்பிட்டேன்னு எழுதாதே, என்னன்னு எழுது’ என்று இருந்தது.

நான் அலுவலகத்துக்கு மேலேயே ஓர் அறையில் குடியிருக்கிறேன். அண்ணன் இருக்கிறார். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து ஏதாவது வேண்டுமென்றால் போன் செய்வார். என்ன சாப்பிட்டாய் என்று என்னை யாரும் கேட்டு இருபது வருஷம் இருக்கும். அன்று மத்தியானம் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சிட்டு எழுதுவது போலப் பதில் எழுதினேன். ரொட்டியும் அவித்த முட்டையும் என்று எழுதினேன். இடது கையால் எழுதியதால் குழந்தைக் கையெழுத்து தானாக வந்துவிட்டது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது, சார். அன்றைக்கு நான் அதைத்தான் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் எழுதினோம். அவர் பழுது பார்த்த கடிகாரங்களைப் பற்றி எழுதுவார். ஒரு சுவர்க் கடிகாரத்துக்குள் பல்லி முட்டையிட்டிருந்ததை இரண்டு பக்கத்துக்கு எழுதினார். நான் மழை பெய்ததை எழுதுவேன், பல் வலித்ததை எழுதுவேன். எல்லாம் எனக்கு நடந்தவைதான். ‘எனக்குக் கையெழுத்துச் சொல்லித் தர்ற ஆபீஸ் அக்காவுக்கு யாருமே இல்லை தாத்தா’ என்று ஒரு தடவை எழுதினேன். ‘அப்படின்னா நீ அவங்களைப் பாத்துக்கோ’ என்று பதில் வந்தது. அந்த ஒரு கடிதம் மட்டும் கோப்பில் இருக்காது. என் தலையணை உறைக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டுவின் பதினோராவது பிறந்தநாளுக்குக் கடையை மூடிவிட்டு நேரில் வருவதாக எழுதினார்.

மூன்று நாள் யோசித்தேன். அம்மாவோடு போய்விட்டாள் என்று எழுதலாம். அவர் விலாசம் கேட்பார். விலாசம் வாங்கிப் போய்ப் பார்த்தால், இரண்டு வருஷம் எழுதியது யார் என்று வரும். அது போகட்டும். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குழந்தை போய்விட்டதே என்று அவர் மனசு உடைந்துவிடும். அவரை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. அதனால் காய்ச்சல் என்று எழுதினேன். நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டாள். இறந்தவர் நினைவாகக் கொடுப்பவர்களுக்கு ‘நினைவுக் கொடையாளர்’ என்று ஒரு வகை உண்டு. அவரை அதற்கு மாற்றினேன். கடிதத்தின் நகலைக் கோப்பில் வைத்தேன்.

அவர் சொன்ன தேதிக்கே வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்று, “நீங்கதானே அந்த அக்கா?” என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா.”

“எங்கம்மா வச்சிருக்கீங்க அவளை?”

இரண்டு பஸ் மாறிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். கல் வைக்காத சின்ன மண்மேடு ஒன்றைக் காட்டினேன். யாருடையது என்று எனக்குத் தெரியாது, முந்தின நாளே போய்ப் பார்த்து வைத்திருந்தேன். அவர் மண்டி போட்டு, மேட்டின் மேலிருந்த சருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். அழுதார். நானும் அழுதேன், சார். நடிக்கவில்லை. இரண்டு வருஷம் நானும் அவளோடு இருந்தவள்தானே. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கைக்கடிகாரத்தை எடுத்தார். வாரில் கூடுதலாக மூன்று துளை போட்டிருந்தார். “இதை நீங்களே போட்டுக்குங்கம்மா. அவளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த கை” என்றார். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

வருஷா வருஷம் அந்தத் தேதியில் இருவரும் போவோம். ஏழு வருஷமாகிவிட்டது.

மற்றவர்களைப் பற்றியும் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை இல்லத்தைவிட்டுப் போனதற்கு ஒரு வகையும், இன்னொரு பிள்ளை போனதற்கு வேறு வகையும் போட்டால் பதிவு எதற்கு? சிட்டுவுக்குச் செய்ததை எல்லாருக்கும் செய்வதுதான் முறை. அதற்குப் பிறகு பெற்றவரோடோ உறவினரோடோ போன ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே கடிதம்தான் போனது. நோயை மட்டும் மாற்றி எழுதினேன். பதினேழு பிள்ளைகள். எல்லாரும் இன்றைக்கும் உயிரோடு சௌக்கியமாக இருக்கிறார்கள், விலாசங்கள் என் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ‘பொது’வுக்குப் போனவர்கள் வருஷம் திரும்புவதற்குள் எங்களை மறந்துவிடுவார்கள், ‘நினைவு’ வகையில் ஒருவர்கூட மறக்கவில்லை. “இவங்க மட்டும் எப்படி நம்மளை விட்டுப் போகவே மாட்டேங்கிறாங்க?” என்று இயக்குநர் அம்மா கேட்டார். அன்பு என்று சொன்னேன்.

ஒரு தையல்காரம்மா இருந்தார். முன்பே ஒரு மகனைப் பறிகொடுத்தவர். அவருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். தங்கை போனில் சொன்னார். அன்றைக்கே அவரை ‘மறைந்தவர்’ வகைக்கு மாற்றிவிட்டேன். தாமதிக்கவில்லை.

போன திங்கட்கிழமை ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். பதினெட்டு வயது, கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறதாம். உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

“என்னை முதல்ல படிக்க வச்சவரு ஒரு கடிகாரத் தாத்தா, அக்கா. அவருக்கு ஒரு நன்றி சொல்லணும். விலாசம் குடுங்களேன்.”

“அவர் தவறி மூணு வருஷம் ஆச்சேம்மா” என்றேன்.

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “மணிக்கூண்டுக்கு எதிர்ல கடைன்னு எழுதியிருந்தாரு. அந்த இடத்தையாவது பாத்துட்டுப் போறேன்” என்றாள். கடை இப்போது இல்லை என்று சொன்னேன். கேட்கவில்லை.

போய்ப் பார்த்தால் கடை திறந்திருக்கிறது, ஆள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

“ஏம்மா, ஒரு பொண்ணு வந்து நான்தான் சிட்டுங்கிறா. நான் என்ன பண்ண?”

“இப்படி ஏமாத்துறவங்க நிறையப் பேர் கிளம்பியிருக்காங்கய்யா. கிட்டச் சேக்காதீங்க. போலீஸ்ல சொல்லிடுங்க.”

“பாத்தா நல்ல பொண்ணு மாதிரி இருக்காம்மா.”

“அப்படித்தான் இருப்பாங்க.”

அவர் நான் சொன்னதைக் கேட்பவர். நீங்களும் அவளைக் கொண்டுவந்து இரண்டு நாள் இந்த நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். செத்துப்போன குழந்தையின் கோப்போடு வரச் சொன்னீர்கள், வந்தேன். இவள் அவளில்லை என்று சொல்வதாகத்தான் படியேறினேன். ஆனால் இவளுடைய அம்மா பள்ளிச் சான்றிதழ்களோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இனி மறுப்பதில் அர்த்தமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் பெண் சிட்டுதான். அவள் இறக்கவில்லை. இவளையும் மற்ற பதினேழு பேரையும் காகிதத்தில் சாகடித்தது நான் மட்டும்தான். அந்தத் தையல்காரம்மா அதை நம்பித்தான் போனார்.

கடிகாரக்காரரிடம் விஷயத்தை நான் சொல்கிறேன் என்று கேட்டேன். நீங்கள் விடவில்லை. அடுத்த அறையில் உங்கள் ஆள் சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. அந்தப் பெண் அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். அவருக்கு வெந்நீர்தான் ஒத்துக்கொள்ளும், அது அவளுக்கு எப்படித் தெரியும்? டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது இந்தப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும். நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரியவில்லை. யாராவது போய்ச் சொல்லுங்கள், சார். தெரிந்தால் உடனே வந்துவிடுவார்.