வலப்பக்க வகுப்பு

நாங்கள் குடிக்கும் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரில் ஐஸ் கூடிவிட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மெல்லத்தான் பேசுவேன், பேட்டிக்கு வந்த நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கல்வியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவன். அசைகளைப் பாட்டாகப் பாடவைத்தால் குழந்தைகள் சீக்கிரம் வாசிக்கக் கற்பார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. காசப்பா நகருக்கு வெளியே ஒரு பள்ளியில் இரண்டு வகுப்புகள் கிடைத்தன. இடப்பக்க வகுப்புக்கு என் பாட்டு. வலப்பக்க வகுப்புக்கு வழக்கமான பாடம். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்று வேண்டும்.

வலப்பக்க ஆசிரியை நீல்டா. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, வீட்டில் பேசும் குவாரனி மொழியிலேயே கதை சொல்லி, சொன்ன கதையை அவர்களையே எழுதவைத்தாள். குளிர்காலம் முடிவதற்குள் அவள் வகுப்பு சரளமாக வாசித்தது. என் வகுப்பு நன்றாகப் பாடியது.

என் நெறியாளர் பேராசிரியர் பெனிக்னோ சிரித்தார். "ஒப்பீட்டு வகுப்பு முந்திக்கிட்டா உன் ஆய்வ யாருய்யா சீந்துவா? பேசாம சங்கீதத்துல பட்டம் வாங்கிடு."

முறைப்படி யோசித்தேன். நீல்டா நன்றாகக் கற்பிப்பது ஆய்வில் கலந்த மாசு. மாசை நீக்கத்தான் வேண்டும். அவள் பிள்ளைகளை அடிக்கிறாள் என்று மேலிடத்தில் சொன்னேன்.

அவள் என்னிடமே வந்தாள். "யாரோ வேண்டாதவங்க கிளப்பி விட்டிருக்காங்க சார். நீங்களாவது எனக்காகப் பேசுங்க."

பேசுவதாகச் சொன்னேன். எல்லையோர ஊர் ஒன்றுக்கு அவளை மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு ஆள் வரவில்லை. வலப்பக்க வகுப்பையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றதும் தலைமையாசிரியர் என்னைக் கட்டிக்கொண்டார்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளையை வாசிக்க முடியாமல் ஆக்குவது கடினமல்ல. அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். திக்னா என்றொரு சிறுமி, வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள். ஒவ்வொரு வரி முடிந்ததும், "தப்பு கண்ணு, திரும்பப் படி" என்பேன், புன்னகையோடு. சரியாகத்தான் படித்திருப்பாள். மறுபடி படிப்பாள். "ம்ஹூம்." முதலில் என்னை முறைத்தாள். பிறகு புத்தகத்தை முறைத்தாள். அப்புறம் எழுத்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற பிள்ளைகளுக்கு இவ்வளவு நாள் பிடிக்கவில்லை.

தேர்வில் இடப்பக்கம் வென்றது. பெனிக்னோ எழுந்து நின்று கைதட்டினார். இன்று இந்த வட்டாரப் பள்ளிகளிலெல்லாம் என் பாட்டுகள்தான்.

போன வாரம் திக்னாவின் அம்மா சூடான சிப்பா ரொட்டியோடு வந்தாள். "டாக்டர் ஐயா, எம்பொண்ணு முன்னெல்லாம் படிச்ச மாதிரி ஞாபகம். எனக்குத்தான் பிரமையா? இல்ல, அவ மண்டையில ஏதும் கோளாறா?"

சில குழந்தைகளுக்குப் படிப்பு ஏறாது, அது யார் குற்றமும் இல்லை என்று ஆறுதல் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

நீல்டா விஷயத்தில் நான் சொன்னது பொய். எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாயிடம் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. திக்னாவுக்குப் படிக்க வராது என்பது ஆய்வில் நிரூபணமான உண்மை.