குமிழ் சொன்னதை நம்பிய வால்வு

வெந்நீர் வரவில்லை என்று ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால், போனதும் முதலில் அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட வேண்டும். பழுது எங்கும் ஓடிவிடாது, தேநீர்தான் ஆறிப்போகும். எங்கள் வட்டார பிளம்பர் சங்கத்தின் செய்திமடலுக்கு, வெந்நீர்த் தொட்டி வால்வில் வரும் கோளாறுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருடம் இந்த வேலை பார்த்தவன், ஓய்வு பெற்றவன், வேறு வேலை இல்லாதவன் என்று மூன்று தகுதிகள் எனக்கு இருக்கின்றன. பக்கம் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்வு ரொம்ப எளிமையான பிறவி. மாடியில் துணி உலர்த்தும் அலமாரிக்குள் செம்புத் தொட்டி நிற்கும். பாய்லரின் சூடு தொட்டிக்குள் போகிற வழியில் வால்வு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து தலைமயிர் மாதிரி ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, விரல் நீளக் குமிழில் முடியும். குமிழைத் தொட்டியின் பக்கத்துப் பொந்தில் செருகி வைப்போம். தொட்டி சூடானால் குமிழும் சூடாகும், வால்வு மூடிக்கொள்ளும். ஆறினால் திறக்கும். மின்சாரம் வேண்டாம், மூளையும் வேண்டாம். குமிழ் சொல்வதுதான் அதற்கு வேதவாக்கு.

வால்வைத் திறந்து மூடும் ஊசி சிக்கிக்கொள்ளலாம், குமிழின் திரவம் கசிந்திருக்கலாம், சூட்டின் அளவை வைக்கும் எண் வளையத்தை யாராவது திருகியிருக்கலாம். புத்தகங்கள் இதோடு நின்றுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் என் வீட்டிலிருந்தே உதாரணம் தருகிறேன்.

அயர்லாந்தின் மேற்கே, டபர்கரி ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் நானும் என் தங்கை அட்ராக்டாவும் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஐம்பத்தாறு வயது, தபால் அலுவலகத்தில் வேலை. சமையல், துணி, என் மாத்திரைகள் எல்லாம் அவள் பொறுப்பு. எனக்கும் முட்டை அவிக்கத் தெரியும். எப்போது நிறுத்துவது என்பதுதான் தெரியாது.

போன வருடம், வியாழக்கிழமைதோறும் ஊரில் நடக்கும் நடனத்தில் அவளுக்கு ஃபெர்கல் முல்லேனி என்பவரோடு பழக்கமானது. எனிஸ்குரோன் கடற்கரையில் வீடு, மனைவியை இழந்தவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு குறையும் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்து இரண்டு நாள் தங்க ஆரம்பித்தார். கல்யாணம் ஆனால் அவள் எனிஸ்குரோனுக்குப் போய்விடுவாள் என்பதை அவர்கள் என்னிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள். நானும் மரியாதையோடு கேட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை குமிழைப் பொந்திலிருந்து உருவி, பாய்லரிலிருந்து வரும் சூட்டுக் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். தொட்டி கொதிக்கிறது என்று நினைத்து வால்வு மூடிக்கொண்டது. பாவம், அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஃபெர்கல் குளிக்கப் போனார். அறுபது வயது மனிதர் குளிர்ந்த தண்ணீரில் நின்றால் கல்யாண ஆசை தானாக அடங்கும் என்பது என் கணக்கு.

சிவந்த முகத்தோடு சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "கோல்மன், என்ன அருமையான தண்ணிங்க. கடல்ல இறங்கின மாதிரியே இருக்கு."

அவர் ஜனவரியிலும் அட்லாண்டிக்கில் நீந்துகிறவராம். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

தளராமல் மூன்று மாதம் தொடர்ந்தேன். வெள்ளிக்கிழமை குமிழைக் கட்டுவேன், திங்கட்கிழமை அவிழ்ப்பேன். நடுங்கியது அட்ராக்டா மட்டும்தான்.

"ஊரான் வீட்டுக் குழாயெல்லாம் சரி பண்ணினவன், சொந்த வீட்ல வெந்நீர் வரவைக்க வக்கில்ல" என்றாள் ஒருநாள், தலையில் துண்டோடு.

"வால்வு மக்கர் பண்ணுது. பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"பாத்துட்டே இரு. அது வெக்கப்பட்டுச் சூடாகும்."

உண்மையாகவே பார்த்தேன். அவள் கண்ணெதிரில் தரையில் துணி விரித்து, குழாய்களைத் தொட்டு, தட்டி, பெருமூச்சு விட்டேன். புது வால்வுகூட வாங்கி மாட்டினேன். நல்ல வால்வைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல வால்வைப் பொருத்துவதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

மே மாதக் கடைசியில் பாதிரியாரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை கல்யாணம். அன்று மத்தியானம், வால்வைப் பார்க்கப் போன என் பின்னாலேயே ஃபெர்கல் மாடிக்கு வந்தார்.

"எனக்கும் கொஞ்சம் காட்டுங்க, கோல்மன். நாளைக்கு எங்க வீட்லயும் இதே வந்தா, அவ உங்களைத்தான் கூப்பிடுவா. ஒவ்வொரு தடவையும் உங்களை அவ்வளவு தூரம் அலைய வைக்கக் கூடாதில்ல?"

அன்பாகத்தான் சொன்னார். அலைய வைத்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. வால்வுக்கு முன்னாலும் பின்னாலும் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முன்னால் சூடு, பின்னால் குளிர்ச்சி, அப்படியென்றால் வால்வு மூடியிருக்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். நல்ல மாணவர். எண் வளையத்தை மூன்றிலிருந்து நான்குக்குத் திருகச் சொன்னேன். குழந்தையைத் தொடுவது மாதிரித் திருகினார். குமிழைக் காட்டவில்லை. முதல் பாடத்துக்கு அது அதிகம்.

அடுத்த வெள்ளிக்கிழமை குமிழை இடம் மாற்றினேன். இந்த முறை அதைக் கட்டியது தொட்டிக்கு வரும் பச்சைத் தண்ணீர்க் குழாயில். இப்போது தொட்டி எவ்வளவு கொதித்தாலும், இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று வால்வு நம்பும், மூடவே மூடாது. பாய்லர் எண்பது டிகிரிக்கு மேல் சூடாகும். குளிர் பிடித்த மனிதருக்குச் சூடு பிடிக்காது என்பது மட்டும்தான் என் யோசனை. கடலுக்குப் போய்விட்டு வந்து குழாயைத் திறப்பார், விரலை நீட்டுவார், ஒரு கெட்ட வார்த்தை சொல்வார். இந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை அட்ராக்டாவுக்குக் கல்யாண உடை அளவு பார்க்கப் போகவேண்டியிருந்தது. அதனால் ஃபெர்கல் கடலிலிருந்து வருவதற்குள் குளித்துவிட நினைத்தாள். மூன்று மாதமாக வாரக் கடைசிகளில் ஆறின தண்ணீரே வந்ததால், வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து குளியல் தொட்டியை நிரப்பும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. தொட்டுப் பார்க்கும் பழக்கம் போயிருந்தது. இடது காலை வைத்தாள்.

அவள் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற பெண் அல்ல, அன்று கூப்பிட்டாள். நான் மாடிக்கு ஓடினேன். குளியலறைக் கதவும் அலமாரிக் கதவும் அடுத்தடுத்து இருக்கும். நான் முதலில் திறந்தது அலமாரியை. குமிழைப் பொந்தில் செருக அரை நிமிடம்கூட ஆகாது, கை பழகிய வேலை. அதன் பிறகு அவளிடம் போனேன்.

ஃபெர்கல் ஈரத் தலையோடு வந்து அவளைத் தூக்கிக் காரில் வைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான்தானே திருகினேன், கோல்மன். மூணுலேர்ந்து நாலு. அதனாலயா?"

"ஒரு எண் கூடினா பத்து டிகிரி ஏறும்" என்றேன்.

இதில் பொய் எதுவும் கிடையாது. எந்தக் கையேட்டில் வேண்டுமானாலும் பாருங்கள், நான் சொன்ன எல்லாமே சரியாக இருக்கும்.

இடுப்புத் தோலை எடுத்துக் காலில் வைத்துத் தைத்தார்கள். பதினோரு வாரம். செப்டம்பர் வந்தது, போனது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கட்டிலருகில் உட்கார்ந்திருப்பார். அந்தக் காலை மட்டும் பார்க்கமாட்டார்.

"உங்க தப்பு இல்லீங்க. ஆயிரம் தடவை சொல்லிட்டேன்" என்பாள் அட்ராக்டா.

"அந்த வளையத்தைத் திருகினது என் கைதானே, அட்ரா."

நான் கதவருகில் தேநீரோடு நின்றிருப்பேன். அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டாம் என்று முடிவு செய்ததாகவும் ஞாபகம் இல்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, கொடுத்தேன். டிசம்பரில் அவர் வருவதை நிறுத்திவிட்டார். கடலுக்கும் போவதில்லையாம்.

ஆகவே, வால்வு கோளாறு என்று யாராவது சொன்னால், முதலில் குமிழ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால், சற்று முன்பு எங்கே இருந்தது என்று வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். யாராவது ஒருவர் தேநீர் வேண்டுமா என்பார்.

எங்கள் வீட்டில் இப்போது தண்ணீர் மிகச் சரியாக அறுபது டிகிரி. சமைக்கப் பழகிவிட்டேன். அவளுக்கு அதிக நேரம் நிற்க முடியாது, அந்தக் காலில் செருப்புகூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். காலுக்கு மருந்து தடவி விடும்போது அவள் சில நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நீ இல்லேன்னா நான் இந்நேரம் எங்க இருந்திருப்பேன், கோல்மன்?" என்பாள்.

நன்றி சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.