பெட்டியில் ஆறு கடிதங்கள்

— எழுத்து மட்டும் ஆளுக்கொரு கோணல். மை என்னவோ ஆறுலயும் பச்சை. கும்பலா உட்கார்ந்து எழுதிப் புகார்ப் பெட்டியில போட்டிருக்காங்க அத்தான்!

— ஆறுமா பச்சை?

— ஆமா. எல்லாத்துலயும் ஒரே புலம்பல். 'புதுத் திரையில எந்தப் புத்தகம் இருக்கு, எது வெளிய போயிருக்குன்னு தெரியல.' கண்ண எங்க வச்சிருக்காங்க? வீட்டுல போன்லயே பார்க்கட்டும்னு அலமாரியப் படமா வரைஞ்சு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் புள்ளி வச்சிருக்கேன். இருந்தா பச்சை, போயிருந்தா சிவப்பு. இதுல என்ன தெரியல?

— கத்தாத வாயாடி. லைப்ரரி இது.

— வயித்தெரிச்சல் அத்தான்! நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி இதைப் படிச்சா, 'பழைய பட்டியலே போதும்'னு மூடிடுவாங்க. எட்டு மாச உழைப்பு. நூலகர் நீங்களாவது எனக்காகப் பேசக் கூடாதா?

— பேசறேன். ஆனா... அவங்களுக்கு ரெண்டு புள்ளியும் ஒண்ணாத் தெரிஞ்சா?

— பச்சையும் சிவப்புமா? அது எப்படி... ஐயோ! நிறம் பிரிச்சுத் தெரியாதவங்க! எனக்கு எப்படி இது தோணாமப் போச்சு? இருங்க, கால் மணி நேரம் பேசாம உட்காருங்க.

— ஆச்சா?

— ஆச்சு, பாருங்க. இருந்தா புத்தகம் முழுசா நிக்கும். போயிருந்தா அந்த எடம் காலி, வெறும் கோடு.

— நகரு. இது இருக்கு. இது இல்ல. இருக்கு, இருக்கு, இல்ல... அடியே, தெரியுது!

— அதுக்கு ஏன் கண்ணு கலங்குது?

— தூசி.

— இருபத்து மூணு வருஷமா இல்லாத தூசியா? ஒரு மாசமா இந்தத் திரைப் பக்கமே வரல நீங்க. யாராவது கேட்டா அலமாரிக்கே ஓடிப் பார்த்துட்டு வந்தீங்க. பிடிவாதம்னு அக்காகிட்ட திட்டினேன்.

— அவ என்ன சொன்னா?

— சிரிச்சா. 'உங்க அத்தானுக்குச் சட்டை கூட நான்தான் எடுத்து வைக்கணும்'னா... அத்தான்!

— வெளிய சொல்லிடாத. தெரிஞ்சா இந்த மேசைய விட்டு எழுப்பிடுவாங்கன்னு பயந்தே காலத்த ஓட்டிட்டேன்.

— யாரு எழுப்புவா, பார்த்துடறேன். நாளைக்குக் கமிட்டிக்கு இதை ஓட்டிக் காட்டப் போறதே நீங்கதான். அந்த ஆறு பேரையும் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டா இன்னும் நல்லது.

— ஆறு பேரு மாதிரி தோணணும்னுதான் பச்சைப் பேனா, சிவப்புப் பேனான்னு மாத்தி மாத்தி எடுத்து எழுதுனேன்... ஆறுமா பச்சையாப் போச்சு?